சென்னை விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் வழிகள்: மெட்ரோ, மின்சார ரயில், பேருந்து, கார்

சென்னை விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ பொட்டலில் இருக்கும் இடமன்று. தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி, பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் இடையில், வாசலிலேயே மெட்ரோவும் எதிர்ச்சாரியில் மின்சார ரயிலும் வந்து நிற்கும்படி அமைந்திருக்கிறது. அப்படியிருந்தும் விமானத்தைத் தவறவிட்டுவிட்டு, பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர்களை அங்கே பார்க்க முடிகிறது. அவர்களில் பலரிடம் விசாரித்தால், கணக்கை வீட்டு வாசலிலிருந்து தொடங்கியிருப்பார்கள். விமான நிறுவனம் பெட்டி வாங்கும் கவுன்டரை மூடும் நேரத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். அதோடு, ரயிலோ காரோ இறக்கிவிட்ட இடத்திலிருந்து முனையத்தின் வாசல் வரை உள்ள கடைசி அரைக் கிலோமீட்டரையும் அதில் சேர்க்க வேண்டும். எந்த வண்டியில் போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் விடை சொல்கின்றன.

கிளம்புவதற்கு முன் பயணச்சீட்டில் பார்க்க வேண்டியவை

முதலாவது, முனையம். இப்போது உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 ஆகிய இரண்டு முனையங்களிலிருந்தும், வெளிநாட்டு விமானங்கள் டி2 முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன. 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ஒருங்கிணைந்த முனையக் கட்டடமே டி2. அது நடுவில் இருக்க, மற்ற இரண்டும் அதன் இரு பக்கங்களிலும் உள்ளன. டி4 என்பது முன்பு வெளிநாட்டுப் பயணங்களுக்காக இருந்த பழைய கட்டடம். ஆகையால், பல ஆண்டுகளுக்கு முன் துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ போய்வந்த நினைவை வைத்துக்கொண்டு "இன்டர்நேஷனலுக்கு விடுங்கள்" என்று ஓட்டுநரிடம் சொன்னால் போதாது. முனையத்தின் எண்ணையே சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் விமானம் எந்த உள்நாட்டு முனையத்திலிருந்து கிளம்புகிறது என்பது அவ்வப்போது மாறக்கூடியது; பயணத்துக்கு முந்தின நாள் வரும் குறுஞ்செய்தியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, நேரம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே பெட்டி வாங்கும் கவுன்டரை மூடிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கும் குறைந்தது 60 நிமிடங்கள். சில நிறுவனங்கள் 75 நிமிடங்களுக்கு முன்பே மூடுகின்றன. வரிசை, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால், உள்நாட்டுக்கு 2 மணி நேரம், வெளிநாட்டுக்கு 3 மணி நேரம் முன்னதாக முனைய வாசலில் நிற்பதுதான் முறை. விமான நிலையத்தை அடைவதும் முனைய வாசலில் நிற்பதும் ஒன்றல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, தேதி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் என் உறவினர் ஒருவருக்கே இது நேர்ந்தது. அவருடைய சிங்கப்பூர் விமானம் 14ஆம் தேதி 00.40 மணிக்கு. அவர் 14ஆம் தேதி இரவு உணவை முடித்துக்கொண்டு, இரண்டு பெட்டிகளும் ஒரு முறுக்கு டின்னுமாக வந்து இறங்கினார். வாசலில் நின்ற காவலர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நேற்று ராத்திரியே போய்விட்டதே ஐயா" என்றார். நள்ளிரவு தாண்டிய முதல் சில மணி நேரங்களில் விமானம் இருந்தால், முந்தின நாள் மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் கணிசமானவை அந்த நேரத்தில் கிளம்புவதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெட்ரோ: நேரம் ஒத்துவந்தால் இதற்கு மேல் ஒன்றில்லை

விமான நிலைய மெட்ரோ 2016 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. நீல வழித்தடத்தின் தெற்கு முனையே விமான நிலையம்தான். விம்கோ நகர் பணிமனையில் தொடங்கும் அந்த வழி திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் என்று வந்து சேர்கிறது. இந்தத் தடத்தின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பகல் நேரத்து விமானத்துக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அண்ணா சாலையில் நெரிசல் இருந்தாலும், கத்திப்பாராவில் வண்டிகள் ஊர்ந்தாலும், கிண்டியில் மழைநீர் தேங்கினாலும் பயண நேரம் பெரிதாக மாறுவதில்லை. மெட்ரோவின் மதிப்பே அந்த உறுதியில் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2021இல் குறைக்கப்பட்ட பிறகு, எவ்வளவு தூரம் போனாலும் மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். கைப்பேசியில் கியூஆர் சீட்டு எடுத்தால் அதிலும் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைத்துவருகிறது.

கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், எழும்பூர், அண்ணா நகர் பகுதிகளில் இருப்பவர்களுக்கு வாய்த்தது பச்சை வழித்தடம். அது பரங்கிமலையில் முடிகிறது. எனவே ஆலந்தூரில் இறங்கி, நீலத் தடத்துக்கு மாற வேண்டும். அங்கே இரண்டு தடங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தளங்களில் உள்ளன. மின்தூக்கி இருப்பதால் பெட்டியோடு மாறுவது கடினமன்று. கோயம்பேடு வழியாக விமான நிலையத்துக்கே நேராகச் செல்லும் ரயில்களையும் இயக்கியிருக்கிறார்கள் என்பதால், நடைமேடையில் வந்து நிற்கும் ரயிலின் நெற்றியில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு ஏறுவது நல்லது. சென்ட்ரலில் இது இன்னும் முக்கியம். ஒரே நிலையத்திலிருந்து இரண்டு தடங்களும் கிளம்புவதால், "எப்படியும் தெற்கேதானே போகிறது" என்று ஏறிவிட்டால் பரங்கிமலையில் போய் நிற்க நேரும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. விமான நிலையத்தை "மீனம்பாக்கம்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மெட்ரோவிலும் சரி, மின்சார ரயிலிலும் சரி, நகரத்திலிருந்து வரும்போது மீனம்பாக்கம் என்பது ஒரு நிறுத்தம் முந்தியது. மெட்ரோவில் "விமான நிலையம்" என்ற கடைசி நிறுத்தத்திலும், மின்சார ரயிலில் "திரிசூலம்" என்ற நிறுத்தத்திலும்தான் இறங்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் பெரியவர்களைத் தனியாக அனுப்பும்போது, இந்த ஒன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மெட்ரோ நிலையத்திலிருந்து முனையங்களுக்கு உயரத்திலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதன் ஒரு பகுதியில் நகரும் நடைமேடையும் உண்டு. சாலையைக் கடக்க வேண்டியதில்லை, வெயிலும் மழையும் படாது. இருந்தாலும் பெட்டியை இழுத்துக்கொண்டு முனைய வாசலை அடைய 10 நிமிடங்களாவது ஒதுக்க வேண்டும். கூடவே முதியவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறும் நிலையத்தில் பைகளை ஊடுகதிர்ச் சோதனைக்குள் வைத்து எடுக்க வேண்டும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். அலுவலக நேரத்தில் அதற்கும் வரிசை உண்டு.

மெட்ரோவின் ஒரே குறை கடிகாரம். காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான் அது நமக்கு உறவு. காலை 6 மணி விமானத்துக்கு அது பயன்படாது. 7 மணி விமானத்துக்கு, முதல் ரயிலைப் பிடித்தாலும் மூச்சு வாங்கும். மாறாக, நள்ளிரவு 2 மணி வெளிநாட்டு விமானத்துக்கு மிகவும் பொருந்தும்: இரவு 9.45 வாக்கில் திருமங்கலத்தில் ஏறினால் 11 மணிக்கெல்லாம் டி2 வாசலில் நிற்கலாம். இந்த வசதியைப் பலர் யோசிப்பதே இல்லை. ராத்திரி விமானம் என்றாலே கார்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

திரிசூலம்: மலிவு, விரைவு, ஆனால் படிகள்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயில்கள் விமான நிலையத்துக்கு நேரெதிரே திரிசூலத்தில் நிற்கின்றன. காலையில் மெட்ரோவுக்கு முன்பே, 4 மணி வாக்கிலேயே ரயில்கள் ஓடத் தொடங்கிவிடுவதும், கட்டணம் ஒரு தேநீர் விலைக்குள் அடங்கிவிடுவதும் இதன் பெருமைகள். எழும்பூர், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் பகுதிகளில் இருப்பவர்களுக்கு, எங்கும் மாறாமல் நேராகக் கொண்டுவந்து சேர்க்கும் வழி இதுவே.

தோளில் ஒரு பையோடு இரண்டு நாள் வேலைக்குப் போகிறவருக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். பெரிய பெட்டிகள் இருந்தால் கதை வேறு. திரிசூலத்தில் இறங்கியதும் ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடக்க வேண்டும். ஒருமுறை இரண்டு பெட்டிகளோடு அந்த வழியில் போனேன். ஒன்று 23 கிலோ, அதற்குள் ஊறுகாய்ப் புட்டிகள். ஒரு பெட்டியைப் படியடியில் விட்டுவிட்டு இன்னொன்றை மேலே கொண்டுபோய் வைப்பது, திரும்ப ஓடிவந்து முதல் பெட்டியை எடுப்பது என்று நான் பட்ட பாட்டைப் பார்த்து, பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "நீ போப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். முனைய வாசலுக்குப் போனபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலையில் இருந்தேன்.

அதன் பிறகு கண்டுகொண்ட வழி இது: பெட்டியோடு மின்சார ரயிலில் வந்தால் கிண்டியில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் கிண்டி மெட்ரோ நிலையத்துக்கு மாறிவிடலாம். அங்கிருந்து ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், பிறகு விமான நிலையம். சில ரூபாய்களும் சில நிமிடங்களும் கூடும்; திரிசூலத்துச் சுரங்கப்பாதை மிச்சமாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் இந்த ரயில்களில் பெட்டியோடு ஏறுவது நமக்கும் தொல்லை, மற்றவர்களுக்கும் தொல்லை. மேலும், ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ரயில்களைக் குறைப்பதும் நிறுத்துவதும் அடிக்கடி நடப்பது. தெற்கு ரயில்வே அதை முன்கூட்டியே அறிவித்துவிடும். ஞாயிறு பயணம் என்றால் சனிக்கிழமைச் செய்தித்தாளைப் பார்த்துவிடுங்கள்.

வெளியூரிலிருந்து நேராக வருபவர்கள்

திருச்சி, மதுரை, திருநெல்வேலி, கும்பகோணம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் செய்யும் வழக்கமான தவறு, பயணச்சீட்டில் எழும்பூர் என்று இருப்பதால் எழும்பூர் வரை போவது. அந்த ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கின்றன. தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். எழும்பூர் போய்த் திரும்புவது, விமான நிலையத்தைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப்போய், அதே தூரத்தை மறுபடி கடப்பதாகும்.

கோவை, சேலம், பெங்களூரு பக்கமிருந்து சென்ட்ரலுக்கு வருபவர்களுக்கு, நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ இருக்கிறது. நீலத் தடம் என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு ஏறலாம்.

பேருந்தில் வருபவர்களுக்குத்தான் நிலைமை மாறியிருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேடு வரை வருவதில்லை. விமான நிலையத்துக்குப் போகிறவருக்கு இது ஒருவகையில் நல்லதே. கிளாம்பாக்கமும் விமான நிலையமும் ஒரே ஜி.எஸ்.டி. சாலையில், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. அது வரும் வரை மாநகரப் பேருந்திலோ காரிலோ வரலாம். கிண்டி, கோயம்பேடு நோக்கிச் செல்லும் மாநகரப் பேருந்துகள் விமான நிலைய நிறுத்தத்தைத் தொட்டே போகின்றன. பேருந்து உங்களைச் சாலையில்தான் இறக்கிவிடும் என்பதையும், அங்கிருந்து வளாகத்துக்குள் நடக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பொங்கல், தீபாவளி முடிந்து ஊர் திரும்பும் நாளின் அதிகாலையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. செங்கல்பட்டுச் சுங்கச்சாவடியில் தொடங்கி, பெருங்களத்தூர், தாம்பரம் வரை வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அன்று காலையில் விமானம் இருந்தால், முந்தின நாளே சென்னைக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாலையை நம்பாமல் ரயிலில் வர வேண்டும். செங்கல்பட்டிலிருந்தே திரிசூலத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது.

கார், கால் டாக்சி, சொந்த வண்டி

நள்ளிரவு தாண்டிக் காலை 4 மணி வரை பெரும்பாலும் வேறு போக்கிடமில்லை. சோழிங்கநல்லூர், சிறுசேரி போன்ற பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியினருக்குப் பகலிலும் பெரும்பாலும் கார்தான். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை அவர்களை ஜி.எஸ்.டி. சாலையில் கொண்டுவந்து விடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் காரில் வருபவர்கள் மதுரவாயலில் புறவழிச்சாலையைப் பிடித்து, பெருங்களத்தூரில் இறங்கி, வடக்கு நோக்கி வருவது சுற்றுபோலத் தெரியும். பூந்தமல்லி–மவுண்ட் சாலையில் மாலை நேரத்தில் சிக்கியவர்களுக்கு அதன் அருமை புரியும்.

செயலியில் காரைப் பதிவு செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின இரவே பதிவு செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவது ஆபத்தானது. பல நேரங்களில் பயண நேரம் நெருங்கும்போதுதான் ஓட்டுநரே ஒதுக்கப்படுகிறார். அதிகாலை 3 மணிக்கு வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது, அடுத்தடுத்து மூன்று ஓட்டுநர்கள் பயணத்தை ரத்து செய்த அனுபவம் எனக்கு உண்டு. கடைசியில் எதிர்வீட்டுத் தம்பி லுங்கியோடு எழுந்து வந்து வண்டியை எடுத்தார். அன்றிலிருந்து, காலை 7 மணிக்கு முந்திய விமானம் என்றால் தெருமுனை ஸ்டாண்டில் தெரிந்த ஓட்டுநரிடம் முந்தின நாள் மாலையே நேரில் பேசிவைத்துவிடுகிறேன். 100 ரூபாய் கூடக் கேட்பார், வருவார். ஆட்டோவில் போவதானால், வளாகத்துக்குள் முனையம் வரை வருவாரா, சாலையிலேயே இறக்கிவிடுவாரா என்பதைப் பேரம் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரில் கொண்டுபோய் விடுபவர்கள், புறப்பாட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு உடனே நகர வேண்டும். கட்டணமின்றி வளாகத்துக்குள் இருக்க அனுமதிக்கும் நேரம் சில நிமிடங்களே. கட்டியணைப்பது, காலில் விழுவது, திருநீறு பூசுவது, பெட்டியைத் திறந்து மறந்துபோன மாத்திரையை வைப்பது ஆகிய எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தால் பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலி எழுப்பா. கொஞ்ச நேரம் கூட இருக்க விரும்பினால், முனையங்களுக்கு எதிரே 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு வரலாம். கட்டணம் உண்டு, அங்கிருந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு மின்தூக்கியில் ஏறி, இறங்கி, வாசலை அடைய 10 முதல் 15 நிமிடங்கள் பிடிக்கும்.

பயணச்சீட்டு இல்லாதவர்கள் முனையத்துக்குள் நுழைய முடியாது. எனவே வழியனுப்ப வருபவர்கள் தங்கள் திரும்பும் வழியையும் யோசித்துக்கொண்டு வர வேண்டும். மெட்ரோவில் குடும்பத்தோடு வந்து, "இமிக்ரேஷன் முடிந்துவிட்டது" என்று உள்ளேயிருந்து கைப்பேசியில் அழைப்பு வரும் வரை வெளியே காத்திருந்தால், அதற்குள் 11 மணி ஆகி நிலையத்தின் கதவு அடைபட்டிருக்கும். 10.30க்குக் கையசைத்துவிட்டு மெட்ரோ நடைபாதையில் ஏறிவிடுங்கள். அந்த அழைப்பை ஆலந்தூரில் எடுத்துப் பேசிக்கொள்ளலாம்.